கிளட்ச் இல்லாத வண்டி

மாமா,

இன்று காலை விழுப்புரத்தில் வண்டியைப் பட்டறையில் விட்டிருந்தேன். மெக்கானிக் கழற்றிய கிளட்ச் தகட்டை என் கையில் கொடுத்தார். ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. அந்தக் கருகல் நாற்றம் உங்களுக்குத் தெரியும், ஒரு முறை மூக்கில் ஏறினால் நாள் முழுக்கப் போகாது. "ஏன் சார் இதோட மல்லுக்கட்டிக்கினு இருக்கீங்க? ஆட்டோமேட்டிக் ஒண்ணு எடுத்துக்கினீங்கன்னா ஜம்முனு போய்க்கினே இருக்கலாமே" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் தகட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன். நீங்கள் போய் நான்கு வருடம் ஆகிறது. வாயால் சொல்லாமல் விட்டதை எழுதியாவது பார்க்கலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

1993இல் அக்காவுக்கும் உங்களுக்கும் கல்யாணம். திண்டிவனத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் மாப்பிள்ளை என்பதைத் தவிர உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பூ ஜோடித்த காரை எதிர்பார்த்து மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார்கள். நீங்களோ டீசல் ஜீப்பை நீங்களே ஓட்டிக்கொண்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து இறங்கினீர்கள். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். உங்களிடம் நான் பேசிய முதல் பேச்சே வண்டியைப் பற்றித்தான்.

"லோடு ஏத்திக்கினா மேட்டுல எந்த கியர்ல ஏறும் மாமா?"

"செகண்டுல ஏறும். உங்க லாரி?"

"தேர்டுலயே ஏறும்."

"பொய் சொல்றே மச்சான்" என்று சிரித்தீர்கள். தாலி கட்டும் முன்பே நமக்குள் போட்டி ஆரம்பித்துவிட்டது.

அதன் பிறகு நீங்கள் ஒரு வண்டி எடுத்தால் ஆறு மாதத்துக்குள் நானும் ஒன்று எடுப்பேன். நான்கு வழிச்சாலை வந்து, பெரிய எஞ்சின் வைத்த உயரமான வண்டிகளும் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். உங்களிடம் கறுப்பு, என்னிடம் வெள்ளை. இரண்டும் டர்போ டீசல், நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் திண்டிவனத்திலிருந்து வர, நான் விழுப்புரத்திலிருந்து வர, விக்கிரவாண்டியில் டிபன். திரும்பும்போது சாவியை மாற்றிக்கொள்வோம். உங்கள் வண்டியில் நானும் என் வண்டியில் நீங்களும் ஒரு நீள ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து மணிக்கணக்கில் வழக்காடுவோம். என்னுடையது நேர்ச்சாலையில் சீறும். உங்களுடையது வளைவில் சாயாது. பிரேக்கில் யார், பின்சீட்டில் யாருக்குத் தூக்கிப்போடும், ஏசி எது சீக்கிரம் குளிரும் என்று எதையும் விடமாட்டோம். அக்கா ஒரு நாள் சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் பொண்டாட்டி புள்ள ஞாபகம் வர்றதுக்கு ஒரு ஹாரன் அடிக்கணும் போல."

மரக்காணத்துக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கடலோர மணலில் யார் வண்டி போகும் என்று பார்க்கத்தான் போனோம். நீங்கள் இறங்கி நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினீர்கள். "நீயும் எறக்கிக்க, இல்லன்னா பொதைஞ்சிடும்" என்றீர்கள். என் எஞ்சின் மேல் இருந்த திமிரில் நான் கேட்கவில்லை. ஐம்பது அடி போவதற்குள் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சுற்றி வந்து நின்றார்கள். "இன்னா சார், இம்மாம் பெரிய வண்டிய வெச்சிக்கினு எங்க கட்டுமரம் கணக்கா மணல்ல குந்திக்கினு இருக்கீங்க?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை மாமா. கயிறு கட்டி என்னை இழுத்து வெளியே போட்டுவிட்டு, "மணல் அப்படி, வண்டி மேல தப்பில்ல" என்று அவர்களிடம் சொன்னீர்கள். எனக்கு அதுதான் இன்னும் கடுப்பாக இருந்தது. என்றைக்காவது உங்களை நாலு பேர் முன்னால் மடக்க வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

அந்த நாள் என் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில் வந்தது. விழுப்புரத்தில் மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள். நீங்கள் கறுப்பு வண்டியை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்றில் வந்திருந்தீர்கள். அதே உயரம்தான், ஆனால் கிளட்ச் கிடையாது, கியர் தானாக விழும். எஞ்சினும் சின்னது. காணையிலிருந்து வந்திருந்த என் மனைவியின் மாமன் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் இத எடுத்தீங்க? அந்தக் கறுப்பு வண்டி யானையாட்டம் இருந்துச்சே" என்றார்.

நீங்கள் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "மாமாவுக்கு வயசாயிடுச்சி. கியர் போட வலிக்குதாம். இனிமே பொம்பளைங்க ஓட்டற வண்டிதான்."

சிரிப்பு எழுந்தது. நீங்களும் சிரித்தீர்கள். "ஆமா மச்சான், சோம்பேறித்தனம் வந்துடுச்சி" என்றீர்கள். அத்தோடு நான் விட்டிருக்கலாம். என் வண்டிச் சாவியை உங்கள் கையில் திணித்து, "ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க, பாக்கலாம்" என்றேன். அக்கா சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வேகமாக வந்து, "இப்ப எதுக்குடா இதெல்லாம், பந்தி நடக்குது" என்றாள். நான் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னேன். நீங்கள் சாவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏறினீர்கள். மூன்று முறை எஞ்சின் அணைந்தது. நான்காவது முறை வண்டி குதித்துப் போய் வாசல் தூணில் மோதி நின்றது. முன்பக்கம் நசுங்கியது. கதவைப் பிடித்தபடி மெதுவாக இறங்கி, "செருப்பு வழுக்கிடுச்சி" என்றீர்கள்.

"ஓட்டத் தெரியாதவருக்கு வண்டி எதுக்கு?" என்றேன். அவ்வளவு பேர் முன்னால், நம் முறைக்கு எந்த மச்சானும் சொல்லக் கூடாததை.

நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனீர்கள். என் மகளுக்கு விபூதி பூசிவிட்டுத்தான் போனீர்கள். அதன் பிறகு விக்கிரவாண்டிக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கோபம் தானாக ஆறும் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தாள். "உங்க மாமாவால இப்ப நடக்க முடியலடா" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நரம்பில் வந்த நோய், தசையெல்லாம் ஒவ்வொன்றாக வலுவிழந்து போகும், மருந்து கிடையாது என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். முதலில் போனது இடது கால். கறுப்பு வண்டியின் கிளட்சை அழுத்த முடியாமல்தான் அதை விற்றிருக்கிறீர்கள். மண்டபத்தில் என் சாவியை வாங்கியபோது அந்தக் கால் வலுவிழக்க ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"நான் சொல்றேன் சொல்றேன்னு சொல்லிக்கினேதான் இருந்தேன். அவருதான் விடல. 'ஊருல எல்லாரும் என்னைப் பாத்து ஐயோ பாவம்பாங்க. அவன் ஒருத்தன்தான் இன்னும் என்கூட போட்டி போடறான். சொன்னா அவனும் விட்டுக்குடுக்க ஆரமிச்சிடுவான்'னாரு" என்றாள்.

அன்று சாயங்காலமே திண்டிவனம் வந்தேன். சக்கர நாற்காலியில் இருந்தீர்கள். கழுத்து நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். நீங்கள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. "நசுங்கின முன்பக்கத்த சரி பண்ணிட்டியா மச்சான்?" என்று கேட்டீர்கள். குரல் பாதியாகத் தேய்ந்திருந்தது. பிறகு, "வா, என் வண்டிய ஓட்டிப் பாரு. நீ இன்னும் ஓட்டவே இல்லியே" என்றீர்கள்.

நானும் அக்காவும் உங்களைத் தூக்கி முன்சீட்டில் வைத்தோம். நல்ல சாலையில் போனேன். "ரோடு மோசமா இருக்கிற பக்கம் போ. அப்பதான் வண்டி தெரியும்" என்றீர்கள். கரும்பு வண்டிகள் போய்ப் போய்ப் பள்ளமாகிக் கிடந்த ஒரு கிராமத்துச் சாலையில் திருப்பினேன். முதல் பள்ளத்திலேயே உங்கள் தலை முன்னால் சரிந்தது. கியர் போட வேண்டிய வேலை இல்லாததால் என் இடது கை சும்மா இருந்தது. அந்தக் கையை உங்கள் பிடரியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். அப்படியே பத்துப் பன்னிரண்டு மைல் போனோம். அவ்வளவு பள்ளத்திலும் அந்த வண்டி உங்களைத் தூக்கிப்போடவில்லை. என் வெள்ளை வண்டியாக இருந்தால் உங்களால் தாங்கியிருக்க முடியாது. எந்த ஷோரூமிலும் யாரும் சொல்லாத காரணத்துக்காக அதைத் தேடித் தேடி எடுத்திருக்கிறீர்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள்.

நல்ல வண்டி என்றால் விட்டுக்கொடுத்ததாக நினைப்பீர்களோ என்று பயந்தேன். "பரவால்ல. பிக்கப் கம்மிதான் மாமா" என்றேன். நீங்கள் சத்தமில்லாமல் சிரித்தீர்கள். அப்புறமும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், இன்னும் ஏதோ வரும் என்பதுபோல. நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

ஏழு வாரத்தில் மூச்சு நின்றுவிட்டது என்று தகவல் வந்தது. அந்த ஏழு வாரத்தில் ஆறு முறை வந்தேன். ஆறு முறையும் புதிதாக வந்த மாடல்களைப் பற்றியே பேசினோம். மன்னிப்பைக் கேட்கவில்லை. உங்கள் வண்டிதான் நல்ல வண்டி என்பதையும் சொல்லவில்லை. பதினேழு வருடமாக எதை எதையோ ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொன்ன வாய், உண்மையாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஒரு தரம் பொய் சொல்லிவிட்டது. உங்களுக்காகச் சொன்ன பொய் என்று கொஞ்ச நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது உங்களுக்காக இல்லை. தோற்றுவிட்டேன் என்று சொல்ல எனக்கு அப்போதும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன். ஒரு தலைக்கு எவ்வளவு கனம் இருக்கும் என்று என் உள்ளங்கைக்குத் தெரியும். முன்னால் ஒரு பள்ளமோ வேகத்தடையோ வந்தால் என் இடது கை கியரை விட்டுவிட்டுப் பக்கத்து சீட்டுக்குப் போய்விடுகிறது, அங்கே யாரும் இல்லாதபோதும்.