கோழிக்குப் போக மீதித் தேன்

மண்டி மொஹல்லா, மைசூர்
12-8-1953

சேசு மரி சூசை

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெசிந்தா எழுதுவது. கோழிகள் சுகம். நீங்கள் முதலில் கேட்பது அதைத்தானே, அதனால் அதையே முதலில் எழுதிவிட்டேன்.

மடிகேரியிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் வந்தது. தேன் பிழிந்த அடைச் சக்கையையும் மகரந்தத்தையும் தவிட்டில் பிசைந்து வை, குடிக்கிற தண்ணீரில் தேன் கலந்து கொடு, சளி அண்டாது, முட்டை கூடும், வாராவாரம் எடை பார்த்து எழுது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். கோழியைப் பிடித்தால்தானே எடை பார்க்க முடியும்? நிறைமாத வயிற்றோடு நான் கொல்லையில் கோழி துரத்துவதைப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக் கொள்ளேகால் பாப்பாத்தி, "ஏனுங்க அக்கா, கோழிக்கெல்லாம் தேன் குடுக்கச் சொல்லி எழுதறாரே, உங்களுக்கு ஒண்ணுஞ் சொல்லலீங்களா?" என்று கேட்டாள்.

இருந்தாலும் சொன்னபடி செய்தேன். விடிந்ததும் பிசைந்து, திறந்த தொட்டியில் வைத்தேன். ஊருக்கெல்லாம் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுக்கிற உங்களுக்கு, நம் கொல்லையிலேயே இரண்டு பெட்டி இருப்பது மறந்துபோயிற்றா? மழைக்காலம், பூ இல்லை. வாசம் பிடித்து அத்தனை தேனீயும் தொட்டியில் இறங்கின. அது தீர்ந்ததும் ஒரு பெட்டித் தேனீக்கள் மற்றப் பெட்டியைக் கொள்ளையடிக்கப் போய், ஒன்றையொன்று கொன்று குவித்தன. கொட்டு வாங்கிய கோழிகள் கூரை ஏறிவிட்டன. சேவலுக்குக் கண் வீக்கம், பாப்பாத்தியின் மாமியாருக்கு உதடு வீக்கம். முட்டை கூடவில்லை, அடியோடு நின்றுவிட்டது. தெருவில் நான் தலை காட்ட முடியவில்லை.

சேவலைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். தேன் கெடுதல் இல்லையம்மா, ஆனால் கூண்டுக்குள் வைத்து மூடிக் கொடுங்கள், அதற்கு முன்னால் கழிச்சல் நோய் வராமலிருக்க ஊசி போடுங்கள், ஊசி செய்கிற வேலையைத் தேன் செய்யாது என்றார் டாக்டர். அப்புறம் எல்லாக் கோழிகளுக்கும் ஊசி போட்டாயிற்று. சேவலைக் கொண்டுபோன அன்று டாக்டர் என்னைப் பார்த்து, வீட்டுக்காரர் எங்கே என்றார். கோழிக்கு வைத்தியம் பார்க்கிறவருக்குக்கூட அதைக் கேட்கத் தோன்றியது.

இந்த மாதக் கடைசியில் பிரசவம் என்று நர்ஸம்மா சொன்னதைப் போன கடிதத்திலேயே எழுதினேன். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. போன பிரசவத்தின்போதும் நீங்கள் ஊரில் இல்லை. பிள்ளையைத் துணியில் சுற்றி என் அண்ணன்தான் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பயத்தில்தான் நீங்கள் பெட்டி, கோழி என்று எழுதுகிறீர்கள் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். எனக்கும் பயம்தான். நான் எந்த ஊருக்கு ஓடுவது?

கோழிக்கென்று நீங்கள் அனுப்பிய தேனில் ஒரு சீசாவை மட்டும் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறேன். சேனை வைப்பதற்கு. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்களே. அண்ணி தான் வைப்பதாகச் சொன்னாள். பாவம், சாந்தமானவள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களைப் போலப் பிடிவாதம் பிடித்து, ஊர் ஊராகப் பூச்சி பின்னால் அலைந்தாலும் அலையட்டும். அலைவதற்குப் பிள்ளை உயிரோடு இருந்தால் போதும்.

மலைப்பாதையில் மழை என்று சாக்குச் சொல்லாதீர்கள். மாதா உங்களுக்கு வழித்துணையாக வருவாள். நீங்கள் வரும்வரை சீசாவை நான் திறக்க மாட்டேன், யாரையும் திறக்கவும் விடமாட்டேன்.

உங்கள் மனைவி,
ஜெசிந்தா