நீ தோற்ற தேர்தல்

இன்று கல்லூரி முடிந்து தென்காசிக்குத் திரும்பும் வழியில் குற்றாலத்தில் இறங்கிவிட்டேன். சீசன் தொடங்கிவிட்டது. சாரலில் நனைந்துகொண்டே கூட்டம் அருவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ரோட்டோரக் கடையில் தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய், காலி சிப்ஸ் டின் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி.

அப்போது நாம் எம்.ஏ. அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தோம். நீ அச்சன்புதூர் உரக்கடைக்காரர் மகள். நான் திருவேங்கடத்துக் கரிசல் காட்டுக்காரி, அண்ணன் போலீசில். சட்டம், அரசியல், ஜனநாயகம் மூன்றுக்கும் என்ன உறவு என்று ஒரு தாள் இருந்தது. துறைத் தலைவரே அதை நடத்துவார். நன்றாகத்தான் நடத்துவார். அதிகாரம் மக்களிடமிருந்து பிறக்கிறது என்று அவர் சொல்லி முடித்த அதே வகுப்பில்தான், மாணவர் பிரதிநிதியாக என்னை நியமித்திருப்பதாக அறிவித்தார்.

நீ எழுந்தாய். "சார், தேர்தல் கிடையாதா?"

"தேர்தல்னு வந்தா சாதி வரும்மா. கட்சி வரும். வீண் பிரச்சினை."

"நியமனத்துல மட்டும் சாதி வரலையா சார்?"

நானும் அவரும் ஒரே சாதி என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கு முகம் எரிந்தது. வகுப்பு முடிந்ததும் மரத்தடியில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குத் தகுதி இல்லைங்கியா?"

"ஏட்டி, உனக்குத் தகுதி இருக்கு. அதை அவரு எதுக்குச் சொல்லுதாரு? நாங்கல்லா சொல்லணும்!"

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. ஆனால் நீ சொன்னது உள்ளே கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது. யாரோ தூக்கிக் கொடுத்த நாற்காலியில் எப்படி உட்காருவது?

அந்த ஆடியில் வகுப்பே வேன் பிடித்துக் குற்றாலம் வந்தோம். மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை போட்டு, கயிறு கட்டிப் போலீஸ் நின்றது. எல்லோரும் சோர்ந்துபோய் வேனுக்குத் திரும்பியபோது நீ படியில் ஏறி நின்றுகொண்டாய்.

"குளிக்கத்தான் விடமாட்டேங்காங்க. ஓட்டுப் போட யார் தடுக்கப் போறா? நானும் இவளும் நிக்கோம். பிடிச்சவளுக்குப் போடுங்க."

சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. சிப்ஸ் கடையில் காலி டின் வாங்கி வந்தாய். யாரோ நோட்டுத் தாளைக் கிழித்துத் துண்டு போட்டார்கள். வேன் ஓட்டி வந்த அண்ணாச்சி, "எனக்கும் ஒரு சீட்டு தாங்கம்மா" என்று கை நீட்டினார். "அண்ணாச்சி, நீங்கதான் தேர்தல் அதிகாரி. உங்களுக்கு ஓட்டுக் கிடையாது" என்றாய். மனிதர் சட்டென்று சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஒவ்வொரு சீட்டையும் உரக்க வாசித்தார். கடைசி வரைக்கும் இழுபறி. கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன்.

உனக்கு என்ன சொல்வது என்று நான் தடுமாற, நீ துள்ளிக் குதித்தாய். "ஏட்டி, நான் தோத்துட்டேன்! அப்ப இது நெசத் தேர்தல்தான்!" டின்னைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வேனைச் சுற்றி வந்தாய். மழை நன்றாகவே பிடித்துக்கொண்டது.

மறுநாள் துறைத் தலைவர் இருவரையும் கூப்பிட்டார். "யாரைக் கேட்டு நடத்தினீங்க?"

"வகுப்பைக் கேட்டு சார்" என்றாய்.

அவர் என் பக்கம் திரும்பினார். "உன்னைத்தான் நான் ஏற்கெனவே போட்டாச்சே? பிறகென்ன?"

"அதை நான் ஏத்துக்கலை சார். ஓட்டைத்தான் ஏத்துக்கிட்டேன்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய்.

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதவில்லை. உன் அப்பாவை வரவழைத்தார். அவர் வேட்டியெல்லாம் பஸ் அழுக்கோடு வந்து நின்று, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தோத்தது எம்மவ. செயிச்ச பிள்ளை அவ பக்கத்துலதான் நிக்கா. பின்ன யாருக்கு சார் நஷ்டம்? எதுக்கு மன்னிப்பு?"

நஷ்டம் உனக்குத்தான் வந்தது. நீ கேட்டிருந்த ஆராய்ச்சி இடம் கிடைக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை; சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. நீ அழுது நான் பார்த்தது அந்த ஒரு சாயங்காலம்தான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "பாடம் நடத்த விடலேன்னா வாதாடப் போறேன்" என்றாய். சட்டம் படித்தாய். தென்காசி கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு நீ நடந்துவந்த முதல் நாள், வாசலில் நின்று நான்தான் விசிலடித்தேன். ஊர்க்கூட்டத்தில் கேள்வி கேட்டதற்காக வழக்கு வாங்கியவர்கள், குடிநீருக்கு ரோட்டில் உட்கார்ந்த பெண்கள், எல்லோரும் உன்னைத் தேடித்தான் வந்தார்கள். சில வழக்கில் ஜெயித்தாய், பலதில் தோற்றாய். ஒரு முறைகூடக் குரல் தணியவில்லை. கடைசியில் நோய் வந்து தொண்டையில் உட்கார்ந்தது. பேச்சு நின்றபிறகும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, டாக்டர் சொல்வதற்கெல்லாம் புருவத்தாலேயே குறுக்கு விசாரணை செய்தாய். போன ஐப்பசி மழையில் உன்னைக் கொண்டுபோனோம்.

இப்போது நடப்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் வகுப்பெடுக்கும் கல்லூரியில் முதல்வர் கூப்பிட்டு, "பிரதிநிதியா ஒரு அடக்கமான பிள்ளையைப் பார்த்துப் போட்டிருங்க" என்றார். நான் தேர்தல் வைத்தேன். முதல் பெஞ்சுப் பையன்கள் இரண்டு பேரைத் தாண்டி, பீடித் தொழிலாளி மகள் ஒருத்தி ஜெயித்தாள். எதிலும் கேள்வி கேட்பவள். தேர்தலை ரத்துச் செய்யும்படி எனக்கு மெமோ வந்திருக்கிறது. ரத்துச் செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை, ஓட்டுப் போட்ட பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும் என்று இன்று பதில் கொடுத்தேன். நாளைக் காலையில் நிர்வாகக் குழு முன்னால் நிற்க வேண்டும். வேலை போகலாம்.

சற்று முன்னால் அந்தப் பிள்ளை போனில் கூப்பிட்டாள். "மேடம், நாளைக்கு நாங்களும் வாரோம். எல்லாரும்."

"தோத்தவங்களுமா?"

"அவங்கதான் மேடம் முதல்ல கிளம்புதாங்க."

உன்னை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் துக்கத்தை முந்திக்கொண்டு, ஓட்டைப் பறிப்பவர்கள் மேல் கோபம்தான் வருகிறது. அது நீ கொடுத்துவிட்டுப் போனது, குறையாமல் இருக்கிறது. நாளைக்கு அதோடுதான் உள்ளே போகிறேன், பிள்ளைகள் பின்னால் வருவதற்குக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு.