முதல் தட்டு யாருக்கு

ஜூன் 10, செவ்வாய்

மழை. இட்லிக் கடையில் கூட்டம் இல்லை. பத்து மணிக்கே பூட்டிவிட்டு ரத்தப் பரிசோதனைக் காகிதத்தோடு டாக்டர் ஸுப்ரியாவிடம் போனேன். சர்க்கரையாம். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து.

நான் சாயாவுக்கே ஒரு ஸ்பூன்தான் போடுவேன், எப்படி வந்தது என்று கேட்டேன். "இட்லியும் உள்ள போனா சர்க்கரைதான் சேச்சி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மலையாள ஊரில் அந்த இட்லியை விற்றுத்தான் மகள் சங்கரியைப் படிக்கவைத்தேன், கட்டிக்கொடுத்து இடப்பள்ளிக்கு அனுப்பினேன். இப்போ அதுவே எனக்கு ஆகாதா?

ரெண்டு மாத்திரை. பெரியது சாப்பிட்ட பிறகு. சின்னது காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கணும். நாள் பூரா அடுப்புகிட்ட நிக்கேனே, அது போதாதா என்றேன். போதாதாம்.

ஜூன் 12, வியாழன்

முதல் நடை. பஜார் ரோடு முழுக்கக் குடோன்கள் பூட்டிக் கிடக்கின்றன, பூட்டின கதவு வழியாகவும் சுக்கு வாசனை வருகிறது. எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் நிறுத்தி, "யாரு சேச்சி ஆஸ்பத்திரியில?" என்று கேட்டார். சும்மா நடக்கிறேன் என்றால் நம்பவில்லை. பாவம், ரொம்ப மோசம்போல என்று முகத்தை வைத்துக்கொண்டு போனார்.

ஜூன் 15, ஞாயிறு

முழங்கால் வலி. ஆனாலும் நடந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

வெறும் வயிற்றில் நூற்று அறுபத்தெட்டு. பத்து நாளில். எனக்கே ஒரு தெம்பு வந்துவிட்டது.

டாக்டர் சொன்ன சொல்லை மீறுகிறவள் இல்லை நான். நாலரைக்கு எழுந்ததும் முதல் வேலை சின்ன மாத்திரை. அப்புறம் நடை. வந்து குளித்து, இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கவிட்டு, ஆறு மணிக்குக் கடை. டெம்போ ஓட்டுகிற யூசுப் இக்காதான் முதலில் வருவார். அவர் கையால் போணி ஆனால் சட்டியில் ஒன்றும் மிஞ்சாது. கைராசி. போணி ஆனபிறகும் எனக்கு உட்கார நேரம் ஏது. பத்து, பத்தரைக்குக் கடைசி இட்லி போனபிறகுதான் என் வயிறு. என் மாமியார் கடை நடத்தின காலத்திலேயே அப்படித்தான். விக்கிறவள் முந்தித் தின்னால் யாவாரம் ஓடாது.

ஜூன் 26, வியாழன்

இடது கை வெந்திருக்கிறது. வலது கையால்தானே எழுதணும், எழுதுகிறேன்.

காலையில் யூசுப் இக்கா இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார். "சட்னி என்ன கொழாயிலயா வருது?" என்று எரிந்து விழுந்துவிட்டேன். ஏன் அப்படிக் கத்தினேன்? மழைக் குளிரில் உடம்பெல்லாம் வேர்வை. கண் மங்குகிறது. கொப்பரை மூடியைத் திறந்தது தெரியும். பிறகு தரையில் கிடக்கிறேன்.

இக்கா அவருடைய சாயா கிளாஸை என் வாயில் வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன். "எனக்கு சுகரு, வேண்டாம்." "சண்டை பெறகு போடலாம் சேச்சி, இப்பக் குடி" என்று ஊற்றியேவிட்டார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது.

இக்கா டெம்போவிலேயே டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் கேட்டார், சின்ன மாத்திரை எப்போ போடறீங்க? நாலரைக்கு. சாப்பாடு? பத்தரைக்கு. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மாத்திரை சர்க்கரையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது, நீங்களும் நடந்து இன்னும் இறக்கிவிட்டு, உள்ளே ஒன்றும் போடாமல் இருக்கிறீர்கள் என்றார். நடந்துவிட்டு வந்து, தட்டு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் போடணுமாம். கையில் எப்பவும் மிட்டாய் இருக்கணுமாம்.

சாப்பாட்டுக்கு முன்னால என்றுதானே சொன்னீங்க. முன்னாலதானே போட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

எங்க வீட்டுக்காரர் மிளகு குடோனில் மூட்டை தூக்குகிறவர். முப்பிடாதி என்றால் அந்தத் தெருவில் அதிர்ந்து பேசாத ஆள் என்று பெயர். நேற்று ராத்திரி பேசினார். "கடையைப் பூட்டுளா. நீ கொப்பரை மேல விழுந்திருந்தா?" சங்கரி போனில் அழுதாள். "மதி, போதும் அம்மா. இனி கடை வேண்டாம்."

அவங்க சொல்லுகதில் தப்பில்லை. அதுதான் ஆத்திரமா வருது. கடை இல்லாட்டா நான் யாரு? டிவி முன்னால உக்காந்து மாத்திரை முழுங்குதவளா? பயமா இருக்கு. சர்க்கரைய விட இதுதான் பயமா இருக்கு.

ஜூன் 29, ஞாயிறு

மூன்று நாளாகக் கடை பூட்டு. அவர் ஒரு வழி சொன்னார்: நீ முதலில் தின்னுட்டுத் திற. முடியாது என்றேன். போணி ஆகாமல் தின்றால் எனக்குக் கை ஓடாது. "போணி பெருசா, நீ பெருசா?" என்றார். எழுந்துபோய் உளுந்தை ஊறப்போட்டேன். அவரும் தடுக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

கடை திறந்தேன். முதல் ஈடு இட்லி இறக்கும்போது பெஞ்சில் ஒரு ஆள். பார்த்தால் இவர். குடோனுக்குப் போகிற சட்டை, தலையில் துண்டு, அசலார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"மூணு இட்லி" என்று ரூபாயை நீட்டினார்.

"வீட்டுக் காசு போணி ஆகுமா?"

"நான் மூட்டை தூக்கின காசு. பிடி."

வாங்கிக் கண்ணில் ஒற்றிக் காசு டப்பாவில் போட்டேன். தட்டை வைத்தேன். அவர் அதை அப்படியே என் பக்கம் திருப்பித் தள்ளினார். "காசு குடுத்து வாங்கியாச்சு. இனி யாரு தின்னா உனக்கென்ன? மாத்திரையப் போட்டுட்டுத் தின்னு."

வாசலில் யூசுப் இக்கா நிற்கிறார். வெட்கமாக இருந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு மூன்றையும் தின்றேன். என் இட்லியைச் சூடாக நான் தின்று எத்தனையோ காலம். நல்லாத்தான் இருக்கு.

ஜூலை 19, சனி

தினமும் வருகிறார். "என் ராசியை இந்த மனுஷன் பறிச்சிட்டாரு" என்று இக்கா தினமும் முறையிடுகிறார். நடையில் இப்போது படகுத்துறை வரை போய்த் திரும்புகிறேன். பால்காரர் ஆஸ்பத்திரிக் கேள்வியை விட்டுவிட்டார், சைக்கிள் மணி மட்டும் அடிக்கிறார்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஓணம். சங்கரி வீட்டில் சாப்பாடு. பாயசம் ரெண்டு ஸ்பூன். மூன்றாவதுக்குக் கை போனது, மகள் பார்த்துவிட்டாள். கடையைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது அவள் மாமியாருக்கு என்று நாளைக்கு இட்லி மாவு கேட்டாள்.

செப்டம்பர் 15, திங்கள்

மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு பத்திலிருந்து ஏழரைக்கு வந்திருக்கிறது. இன்னும் இறங்கணும், ஆனால் நல்லா வருது என்றார் டாக்டர். சின்ன மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அவருக்குக் காய்ச்சல். எழுந்து சட்டையைத் தேடினார், அதட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்தேன்.

முதல் ஈடு இறக்கினேன். பெஞ்சில் ஆள் இல்லை. டப்பாவும் காலி. வாசலை எட்டிப் பார்த்தேன், அங்கேயும் யாரும் இல்லை. அப்புறம் மூன்று இட்லியைத் தட்டில் வைத்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

பாதியில் யூசுப் இக்கா வந்தார். என்னையும் டப்பாவையும் பார்த்தார். அவசரமாகச் சட்டைப் பையில் கைவிட்டு, "போணி ஆகலியே சேச்சி. இதைப் பிடி, பெறகு தின்னு" என்று நோட்டை நீட்டினார்.

"முதல் ஆளு சாப்பிட்டுக்கிட்டு இருக்கு இக்கா. உக்காருங்க. ரெண்டாவது தட்டு உங்களுக்கு."

பத்தரைக்குப் பார்த்தால் சட்டியில் நாலு இட்லி மிச்சம். இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் அவருக்குச் சூடு பண்ணிக் கொடுத்தேன்.