கட்டம் கட்டமாக ஓர் எச்சரிக்கை

என் டீச்சரம்மாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகந்தானே? சின்னவளின் இருமல் நின்றதா? வயிற்றெரிச்சல் ஒன்றைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் சலவைக்கூடத்துக்குப் புது இஸ்திரி இயந்திரம் வந்தது. அதில் தமிழிலும் ஓர் எச்சரிக்கை ஒட்டினார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. எல்லாம் வெறும் கட்டங்களாக அச்சாகியிருந்தது. மேனேஜரிடம் காட்டினால், "உங்க பாஷைலதானே இருக்கு? படிச்சுக்கோங்க" என்கிறான்!

"தமிழ் எழுத்தை ஏத்துங்க சார், நானே டைப் அடிச்சுத் தர்றேன்" என்றேன். மேலே கேட்க வேண்டுமாம். ஒரு மாதமாகக் கேட்டுக் கிழித்துக்கொண்டிருக்கிறான்.

இயந்திரத்தை நிறுத்திய பிறகும் கால் மணி நேரம் தகடு கொதிக்குமாம். கட்டங்களுக்குள் இருந்த சேதி அதுதானாம். நான் தொட்ட பிறகு, மருந்து போட்டுக்கொண்டே சொல்கிறான், பாவி! லேசான காயம்தான், பதறாதே.

நீ கரும்பலகையில் எழுதுவது போல, "நிறுத்தினாலும் சுடும், தொடாதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டோ அனுப்பு. படமாக ஒட்டினால் எந்தக் கம்ப்யூட்டரும் அதைக் கட்டமாக்க முடியாது. எனக்கும் தினமும் உன் எழுத்தைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. கோழிக் கிறுக்கலாக இருக்கிறதே என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதே. இது இடது கை.