நேராக்கிய படம்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் உன் பேச்சைக் கேட்கிறார்களா, இல்லை அப்பனைப் போலவா?

இந்த நூலகத்தில் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன் அல்லவா? ஏற்றிய படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் மறுநாள் சோதனையில் சிவப்பு விளக்கு காட்டிக்கொடுத்துவிடும். நேற்று ஒரு கல்யாணப் படம் கோணலாக இருந்தது. பாவமே என்று நேராக்கி வைத்தேன். காலையில் சிவப்பு. வேலை போயிற்று என்றே நினைத்தேன். நல்லவேளை, மேலதிகாரி அம்மா வேறிடத்தில் வைத்திருந்த நகலைக் கொண்டுவந்து பழைய கோணலை மீட்டுவிட்டார்.

“அண்ணே, இனிமே பாக்கறதோட நிறுத்திக்குங்க. கை வைக்காதீங்க.”

“என் பொண்டாட்டி போட்டோவையே இங்க அப்படித்தானேம்மா வெச்சிருக்கேன்” என்றேன். சிரித்துவிட்டார். வேலை தப்பியது.

அதில் நீ முறைக்கிறாய். சிரிக்கிற படம் ஒன்று அனுப்பு. ஸ்டூடியோக்காரன் முகத்தை வெளுப்பாக்க விடாதே. நீ இருக்கிறபடியே வேண்டும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்