புஸ்வாணத்தில் மூன்று முகம்

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. விடிந்ததிலிருந்து காற்று. ஆமத்தூர் ஸ்டாப்பில் பத்து நிமிஷம் நின்றதற்குக் கண், காது, சோற்று டப்பா எல்லாம் மண். சிவகாசியில் இறங்கிப் பிரஸ்ஸுக்குள் நுழையும்போது தலை பரட்டை.

இன்றைய வேலை:
1. சாட்டைப் பட்டாசு லேபிள், எழுத்துப் பிழை.
2. தினசரி காலண்டர், ராகு காலக் கட்டம் சின்னதாக்க.
3. மதினிக்குக் கருநீல நூல்.
4. புது புஸ்வாணம் லேபிள். முதலாளியே அனுப்பியது. அவசரம்.

நான்காவதைத் திறந்தேன். அப்புறம் முதல் மூன்றும் ஓடவில்லை. நூலும் வாங்கவில்லை, மதினி முகம் தூக்கிக்கொண்டிருக்கிறாள்.

என் படம். நான் வரைந்த ஹெகாட்டே, கிரேக்கத் தெய்வம். மூன்று முகம், இரண்டு கையிலும் தீவட்டி, இடுப்பில் சாவிக்கொத்து, காலடியில் கறுப்பு நாய். உலகத்தில் ஒரே ஒரு படம்தான் உண்டு, அதை ஒரே ஒரு ஆளுக்குத்தான் கொடுத்தேன். மூலையில் மஞ்சள் விரல் தடம்கூட அப்படியே ஸ்கேனில் விழுந்திருக்கிறது. கொடுத்த அன்று சமையற்கட்டிலிருந்து மஞ்சள்பொடிக் கையோடு ஓடி வந்து வாங்கினாள் முதலாளி மருமகள் வினோதினி.

கூடவே முதலாளி கையெழுத்தில் துண்டுச் சீட்டு: பெயர் கிரேக்க ராணி. தீவட்டியை எடுத்துவிட்டு மத்தாப்பு வைக்கவும். நாய் வேண்டாம்.

நாய் வேண்டாமாம்.

வினோவுக்கு நாலு தடவை போன். எடுக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

காற்று நிற்கவில்லை. இரண்டு தடவை கரண்ட் போனது. லேபிளைத் தொடவில்லை. கேட்டால் ஃபைல் திறக்கமாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த நோட்டில் ஹெகாட்டே பற்றி நேற்றுவரை எழுதியதில்லை. மதினி கையில் கிடைத்தால் என்ற பயம். இனி என்ன பயம்.

மூன்று வருஷம் முன்னால் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று. சூனியக்காரிகளுக்கான டைரி. மாதம் ஒரு பழைய தெய்வம், அமாவாசை பௌர்ணமிக்கு என்னென்ன செய்வது என்று குறிப்பு. கம்ப்யூட்டரில் பக்கம் கட்டியது நான். அதில் இவள். வாசலுக்கும் முச்சந்திக்கும் காவல். மாதக் கடைசி இருட்டில் முச்சந்தியில் பூண்டு, முட்டை, மீன் வைக்க வேண்டும். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு. நம் ஊரில் இதை யாராவது பார்த்தால் செய்வினை என்று வேப்பங்குழையோடு வந்துவிடுவார்கள்.

ஆனால் வைத்தேன். போனில் ஒரு குழு கிடைத்தது, எங்கெங்கோ இருக்கும் பொம்பளைகள், மொழிபெயர்த்துப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஏன் இவள் என்று கேட்டால்: நம் சாமிகளிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் கோயிலுக்குப் போனால் சாமிக்கு முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள். "இன்னும் அண்ணன் வீட்லதான் இருக்கீகளா, அவரு வந்து கூப்பிடலையா?" பன்னிரண்டு வருஷமாக அதே கேள்வி. அவர் எங்கே வந்து கூப்பிட, அங்கே இன்னொருத்தி சமைத்துக்கொண்டிருக்கிறாள். ஹெகாட்டே முன்னால் யாரும் நிற்கவில்லை. நான் ஒருத்தி. பேசினால் அவளுக்கு மட்டும் கேட்கும்.

அப்புறம் வினோ. கோயம்புத்தூர்ப் படிப்பு, இங்கே வந்து சும்மா இருக்கிறாள். இரண்டு தடவை கரு தங்கவில்லை. இரண்டாவது தடவைக்கு அப்புறம் பிரஸ் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தவளை நான்தான் பார்த்தேன். பிள்ளைப்பேற்றுக்கும் துணை நிற்பாள் என்று ஹெகாட்டேவைப் பற்றிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பதினான்கு அமாவாசை, அவள் ஸ்கூட்டரில் ஆமத்தூர் தாண்டி முச்சந்திக்கு இரண்டு பேரும். வீட்டில் கோயில் என்று சொல்லிவிட்டு வருவாள். ஹெகாட்டேவை எக்காத்தா ஆக்கியதும் அவள்தான். "ஆத்தான்னு முடிஞ்சாத்தாங்க்கா வாய்க்கு வருது."

இன்றும் போன் எடுக்கவில்லை.

ஜூலை 19, சனி

வந்தாள். மதியம், புதுச் சேலையில். பேப்பர் குடோனுக்குள் கூட்டிப்போய்க் கேட்டேன்.

முதலாளி இந்த சீசனுக்குப் புது லேபிள் தேடிக்கொண்டிருந்தாராம். சினிமாக்காரி படம் போட்டால் வக்கீல் நோட்டீஸ். சாமி படம் அவர் போடவே மாட்டார், அது எனக்கே தெரியும். வெடித்த பிறகு தெருவில் மிதிபடும், அந்தப் பாவம் பட்டாசுக் கம்பெனிக்கு வேண்டாம் என்று அப்பா காலத்திலிருந்தே விட்டுவிட்டார்கள். அப்போது வினோ தன் பீரோவிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். புஸ்வாணத்தைச் சுற்றி ஒட்டினால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு முகம் தெரியும் என்ற யோசனையும் அவளுடையதுதான். நெட்டில் எடுத்தது என்று சொன்னாளாம்.

"ஒங்க பேரு எங்கயும் வரலைக்கா. நீங்க பயப்படாதீக."

என் பேருக்கா நான் பயந்தேன்?

அது எரியும் வினோ, கொளுத்துவார்கள், என்றேன்.

"அது என்ன நம்ம சாமியாக்கா? வெறும் படந்தான."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் மாமனார் "வினோதினி குடுத்த ஐடியா" என்றாராம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் வாயில் அவள் பெயர் வந்தது அன்றைக்குத்தானாம். கண் கலங்கிச் சொன்னாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. கையை மட்டும் உருவிக்கொண்டேன்.

வெறும் படம். பதினான்கு மாதம் வெறும் படத்துக்கா பூண்டு உரித்தோம்?

ஜூலை 20, ஞாயிறு

லீவு. துணி துவைத்தேன். காயப்போட்டதெல்லாம் பக்கத்து வீட்டு வேலியில். அண்ணன் கிணற்று மோட்டாரைக் கழற்றி முற்றத்தில் பரப்பி வைத்து எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தான்.

என்னால் என்ன முடியும் என்று யோசித்தது:
- வேலையை விடலாம். சோறு?
- படம் நான் வரைந்தது, போடக் கூடாது என்று முதலாளியிடம் சொல்லலாம். நீ ஏம்மா வரைஞ்ச என்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.
- சும்மா இருக்கலாம்.

சும்மா இருந்தால் தீபாவளிக்கு அண்ணன் பிள்ளைகளே வாங்கி வந்து இந்த முற்றத்தில் கொளுத்தும். அவள் தலையில் தீ வைக்கும், கைதட்டும்.

வினோவை நினைக்க நினைக்க ஆத்திரம் வருகிறது. அவளுக்குத் தெரியாது, புரியாமல் செய்துவிட்டாள், நம்பிக்கை அவ்வளவுதான் அவளுக்கு, என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அடங்கியது.

ஜூலை 21, திங்கள்

செய்துவிட்டேன்.

பொங்கல் அன்று பிரஸ்ஸில் எல்லாரும் சேர்ந்து எடுத்த போட்டோ கம்ப்யூட்டரில் இருந்தது. அதிலிருந்து வினோவின் முகத்தை எடுத்து, கோட்டுச் சித்திரமாக்கி, மூன்று முகத்தையும் அதை வைத்தே வரைந்தேன். நடு முகத்தில் உதட்டுக்குக் கீழே இருக்கும் மச்சம்கூட விடவில்லை. கிரீடம், மத்தாப்பு எல்லாம் முதலாளி கேட்டபடி. வெறும் படம்தானே.

நிதானமாகத்தான் வரைந்தேன். அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. ஒரு ஆள் உருவத்தைச் செய்து தீயில் இடுவதற்கு என்ன பெயர் என்று அந்த டைரியில் பக்கம் கட்டியவள் நான். செய்யாதே என்று குழுவில் எல்லாரும் சொல்வது.

பஸ்ஸில் பின்சீட்டுப் பேச்சு, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகும் பொம்பளைகள்: "எங்க ஃபோர்மேன் பேருல ஒரு வெடி செஞ்சு திரியக் கிள்ளணும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

காற்று இல்லை, வெக்கை. புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். முதலாளி கண்ணாடி போட்டுப் பார்த்தார். மகனிடம் நீட்டினார், அதாவது வினோவின் புருஷனிடம். அவரும் பார்த்தார். சிவப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலாம் என்றார்.

"மூஞ்சி லெச்சணமா இருக்கு" என்றார் முதலாளி. ஓகே எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தெரியவில்லை. ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கும் முகம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மச்சத்தை அச்சுப் புள்ளி என்று நினைத்துத் துடைக்கவேண்டும் என்றார் புருஷன்.

ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. சாயங்காலம் பூரா அவளை நினைத்தே கஷ்டமாக இருந்தது. அச்சுக்குப் பிளேட் வியாழன்தான் போடுவார்கள். நாளை காலையில் முகத்தை எடுத்துவிடுவது என்று முடிவு. யார் முகமும் வேண்டாம்.

ஜூலை 23, புதன்

நான் எடுப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். முதலாளி புரூஃபை வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜையில் போட்டிருக்கிறார். முகம் வெளுத்து வந்தாள். மறுபடியும் பேப்பர் குடோன்.

"எம் மூஞ்சிய எடுத்துருங்கக்கா."

"படந்தான வினோ." அவள் சொன்னதையே சொன்னேன். கெட்ட புத்திதான், வாய் நிற்கவில்லை.

"எரியுமேக்கா. ஊரெல்லாம் கொளுத்துவாகளே. இந்த மாசம் எனக்கு நாள் தள்ளியிருக்கு. யாருக்கும் இன்னும் சொல்லல. எக்காத்தாட்ட கேட்டுத்தான் கெடச்சுருக்கு, இப்பப் போயி என்னய எரிக்காதீக."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஒரு நிமிஷம். எடுத்துவிடுகிறேன், அழாதே என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் சொன்னாள். "அந்தப் பழைய மூஞ்சியவே வச்சிருங்கக்கா. மாமா கேட்டா ஏதாச்சும் சொல்லிக்கிருவோம்."

பழைய முகம்.

அப்படியானால் தெரிந்திருக்கிறது. படம் எரிந்தால் ஆள் எரியும் என்று அவளுக்கும் தெரியும். எக்காத்தாவிடம் கேட்டுத்தான் கிடைத்தது என்றும் தெரியும். தெரிந்தேதான் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இப்போதும் கொடுக்கிறாள். நம்பிக்கை இல்லாதவள் செய்தது என்று நாலு நாளாக என்னையே சமாதானம் செய்துவைத்திருந்தேன், அதுவும் போயிற்று.

நேரே முதலாளி அறைக்குப் போனேன். இந்த லேபிள் வேண்டாம் முதலாளி, இது சாமி, என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சாமி என்ற ஒரு சொல்லுக்கு அந்த மனுஷன் எப்படிப் பயப்படுகிறார். முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு அத்தனை வெட்கம் இருந்திருக்கிறது.

"கிரேக்க ராணின்னுல்ல சொன்னாக. யாரும்மா இதக் கும்பிடுறா?"

"நான் கும்பிடுறேன்."

விவரம் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. வினோதினி நெட்டில் எடுத்ததாகச் சொன்னதே என்றார். அப்படித்தான் இருக்கும் என்றேன். மயில் போட்டுவிடச் சொன்னார்.

மயில் போட்டேன். எல்லாக் கம்பெனியிலும் இருக்கும் அதே மயில். வினோ முகம் இருந்த ஃபைலை அழித்தேன். ஸ்கேனையும். படம் அவள் பீரோவில் இருக்கிறது. கேட்கப் போவதில்லை.

ஜூலை 24, வியாழன். அமாவாசை

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்குப் போகும் கூட்டம். பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று போனேன். வீட்டில் அமாவாசைச் சமையல், முட்டை பேச்சே எடுக்க முடியாது. வழக்கம்போல பிரஸ் டீ கெட்டிலில் அவித்தேன். மெஷின்மேன் அண்ணன் மூக்கைச் சுளித்தார்: "இன்னைக்குமா முட்ட திங்கீக?" ஆமா அண்ணே, உடம்புக்கு என்றேன்.

அரை நாள் லீவு. நூல் வாங்கினேன், கருநீலம்.

ஒரு முட்டை, ஒரு பூண்டு, கருவாடு இரண்டு துண்டு. எல்லாம் ஒரு ஆளுக்கு. முச்சந்திக்கு நடந்தே போனேன், செருப்பு கடித்தது. பொழுது சாயும் நேரம், மானாவாரிக் காட்டில் யாரும் இல்லை. எக்காத்தா என்று கூப்பிட வாய் வரவில்லை. ஹெகாட்டே என்றே கூப்பிட்டேன். உன் முகத்தில் இன்னொரு முகத்தை வைத்தது நான், மன்னித்துக்கொள் என்றேன். அந்தப் பிள்ளை நல்லபடி பிறக்கட்டும் என்றும் சொன்னேன். மனசார இல்லை. சொன்னேன்.

வைத்துவிட்டு நடந்தேன்.

இருபது அடி வந்திருப்பேன். பின்னால் ஸ்கூட்டர் வந்து முச்சந்தியில் நின்றது. சைலன்சர் கழன்ற சத்தம், பதினான்கு மாதம் அதன் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்ட சத்தம். ஸ்டாண்டு போட்டது கேட்டது. "அக்கா" என்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

வைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை.