கிரிஸ்லி வேட்டைக்கு நெருங்கிய சொந்தம் தேவை

ஸ்பூனர், விஸ்கான்சின்
1996 ஜனவரி 8

அன்புள்ள மாப்பிள்ளை வெண்டெலுக்கு,

நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். என் முழங்காலும் சௌக்கியம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன தடவை நீங்கள் அதைத்தான் சாக்காகச் சொன்னீர்கள்.

இந்த மே மாதம் கரடி வேட்டைக்கு வருகிறேன். இதில் மறுபேச்சே கிடையாது. கரீனை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த அன்று தேவாலய வாசலில் என் தோளில் கைபோட்டுக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "மாமா, வெளியூர்க்காரங்க எங்க அலாஸ்காவுல கிரிஸ்லி கரடி சுடணும்னா லைசென்ஸ் உள்ள வழிகாட்டிய அமர்த்தணும். இல்லன்னா அலாஸ்காவுலயே இருக்கிற நெருங்கின சொந்தம் கூட வரணும். உங்களுக்குத்தான் இப்ப மருமகன் கிடைச்சாச்சே, அப்புறம் என்ன?" என்றீர்கள். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளம். ஒரு வருஷம் விமானம் ஓட்டுபவனுக்குக் கல்யாணம். போன வருஷம் என் முழங்கால். மாடுகளையும் விற்றாகிவிட்டது, விடிந்தால் பால் கறக்கிற வேலைகூட இல்லை. எழுபது வயதில் நான் வேறு எதற்குத்தான் காத்துக்கொண்டிருப்பது?

நவம்பரில் மான் வேட்டைக்குக் கூடின கும்பல் முழுவதற்கும் இதைச் சொல்லித்தொலைத்துவிட்டேன். அந்த ஹாரல்ட் பயல், "உன் மாப்ள கரடிய காட்டுறதுக்குள்ள கரடிக்கே பல்லு கொட்டிரும்டா" என்று எல்லோர் முன்னாலும் சிரிக்கிறான். மானம் போகிறது.

எந்த பூட்ஸ், எந்தத் தோட்டா, எவ்வளவு துணிமணி என்று விவரமாக எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை கரீன் போன் செய்யும்போது கேட்டால், "அவர்கிட்டயே கேளுங்கப்பா" என்கிறாள். சரி, அவரைக் கூப்பிடு என்றால், "வெளிய போயிருக்கார்" என்கிறாள். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அப்படி எங்கேதான் போகிறீர்கள்?

அன்புடன்,
மாமா லேலண்ட்


டெல்டா ஜங்ஷன், அலாஸ்கா
1996 ஜனவரி 23

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதமும் அத்தை அனுப்பிய மான்கறி சாசேஜும் வந்தன. சாசேஜ் ஒரே நாளில் காலி. இங்கே குளிர் கொல்கிறது. வண்டி எஞ்சினை அணைத்தால் மறுபடி உயிர் வருவதில்லை, அதனால் அணைப்பதே இல்லை.

மாமா, நான் சொல்வதைக் கோபப்படாமல் கேளுங்கள். இங்கே கஸ் என்று ஒரு வழிகாட்டி இருக்கிறார். கரடி வேட்டைக்கு ஆட்களைக் கூட்டிப்போவதுதான் அவர் தொழில். கூடாரம், சமையல், குதிரை எல்லாம் அவர் பொறுப்பு. சுட்டபின் தோலை உரித்து உப்புப் போட்டுத் தருவது வரை அவரே பார்த்துக்கொள்வார். நான் டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறவன். முதல் கிரிஸ்லிக்கு என்னைவிட அவர்தான் சரி. அவருடைய நம்பரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்டெல்


ஸ்பூனர்
1996 பிப்ரவரி 6

மாப்பிள்ளை,

உங்கள் வார்த்தைக்காக அந்த கஸ்ஸுக்குப் போன் போட்டேன். "ஐயா, வெயிட் எவ்ளோ? மூட்டையோட மலை ஏறுவீங்களா? கடைசியா எப்ப டாக்டரப் பாத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே போகிறான். சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. "என் மாப்பிள்ளை அங்கேயே இருக்காருய்யா" என்றேன். "அப்ப எதுக்குங்க எனக்குப் போன் பண்றீங்க?" என்றான். நியாயமான கேள்விதானே? நீங்களே பதில் சொல்லுங்கள்.

எனக்குக் கரடித்தோல் வேண்டியிருந்தால் எங்காவது போய் வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்வேன். யாரோ முன்பின் தெரியாதவனுடன் கூடாரத்தில் படுத்து அவன் குறட்டையைக் கேட்க எனக்கு என்ன தலையெழுத்தா? உங்களோடு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. எனக்கு ஆண்பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரியும். அதை எழுத்தில் வேறு எழுதவைக்கிறீர்கள், சே!

"அவன் எதையோ மறைக்கிறான்" என்கிறாள் உங்கள் மாமியார். நான் அவளை அதட்டி வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று, விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வேட்டைச் சீட்டுக்கும் எழுதிப்போட்டுவிட்டேன். கூட வரும் சொந்தம் யார் என்று கேட்டிருந்தார்கள். மருமகன் என்று உங்கள் பெயரை எழுதிவிட்டேன். இனி நீங்கள் தப்பிக்க முடியாது.

மாமா


டெல்டா ஜங்ஷன்
1996 பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய ஐயா,

என் பெயரை எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உங்களை வனத்துறைக்காரர்களிடம் மாட்டிவிட்டவனாவேன்.

கரீன் செப்டம்பரிலேயே சியாட்டிலுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேசுவது அங்கிருந்துதான். "அப்பாகிட்ட நானே சொல்றேன், நீ எதுவும் சொல்லாத" என்று கேட்டுக்கொண்டாள், நானும் சரி என்றேன். எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. இந்த ஊரின் இருட்டு அவளுக்கு ஆகவில்லை. இதைவிட்டால் வேறு எந்த ஊரும் எனக்கு ஆகவில்லை. ஒன்பது வருஷம் இருவரும் முயன்று பார்த்தோம்.

ஏப்ரல் 16 அன்று விவாகரத்துத் தீர்ப்பு. கரடிகள் குகையை விட்டு வெளியே வர ஏப்ரல் கடைசி ஆகிவிடும். நீங்கள் வரும் மே மாதத்தில் நான் உங்கள் மருமகன் இல்லை. சொந்தமில்லாத என்னோடு வந்து நீங்கள் கிரிஸ்லியைச் சுட்டால் அது குற்றம். துப்பாக்கியையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

மற்ற வருஷங்களில் சொன்னது எதுவும் சாக்கு இல்லை. வெள்ளம் நிஜமாகவே வந்தது.

வெண்டெல்


ஸ்பூனர்
1996 மார்ச் 5

மாப்பிள்ளை,

ஐயாவாம் ஐயா! எந்த ஊர் ஐயா? இன்னொரு தடவை அப்படி எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போடுவேன்.

நான் ஒரு காரியம் செய்தேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன். கரீனுக்குப் போன் போட்டு, "ஏம்மா, இந்தத் தீர்ப்ப மே கடைசி வரைக்கும் தள்ளிப்போட முடியாதா? இவ்ளோ நாள் பொறுத்த, இன்னும் ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா? ஜட்ஜும் வேட்டைக்காரனாத்தான் இருப்பான், கரடி சீசன்னு சொன்னா புரிஞ்சுக்குவான்" என்றேன்.

அவ்வளவுதான். "அப்பா! என் குடும்பமே போச்சேன்னு நான் உட்கார்ந்து அழுதுட்டிருக்கேன், நீங்க கரடிக்கு தேதி பாக்குறீங்களா? உங்களுக்கு நான் முக்கியமா, கரடி முக்கியமா?" என்று கத்தினாள். "கரடி யாருக்குடி வேணும், எனக்கு அவன் முக்கியம்" என்று உளறிவிட்டேன். டொக்கென்று போனை வைத்துவிட்டாள். உங்கள் மாமியார் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறாள். மூன்று நாளாக வீட்டில் எனக்குக் காபி கிடையாது.

பெண்ணுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாத ஜென்மம் நான். ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. உங்கள்மேல் வரமாட்டேன் என்கிறது, அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

என்ன செய்யலாம், எழுதுங்கள்.

மாமா


டெல்டா ஜங்ஷன்
1996 மார்ச் 19

அன்புள்ள மாமா,

கரீன் எனக்குப் போன் செய்தாள். முதலில் அழுதாள். கரடி சீசன் என்று ஜட்ஜிடம் சொல்லச் சொன்னீர்களாமே, அதைச் சொல்லும்போது சிரித்துவிட்டாள். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்து எத்தனையோ காலம் ஆயிற்று. கடைசியில், "அப்பா பாவம், ஒரு மாசம் தள்ளிவைக்கட்டுமா?" என்று அவளே கேட்டாள்.

வேண்டாம் என்றேன். தாளில் மட்டும் ஒரு மாதம் மருமகனாக இருந்து, நீங்கள் கரடியைச் சுட்டு முடித்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு வர என்னால் முடியாது, மாமா. ஒரு மாதம் கிடைத்தால் நான் ஆசை வைத்துவிடுவேன். அவளும் பாவம்.

மே மாதத்தில் உங்களுக்காக ஓர் இடம் வைக்கும்படி கஸ்ஸிடம் கேட்டிருக்கிறேன். நல்ல மனிதர், குறட்டை விடமாட்டார் என்றுகூட விசாரித்துவிட்டேன். அவரோடு போய்விட்டு வாருங்கள். நான் உங்கள் கண்ணில் படமாட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

வெண்டெல்


ஸ்பூனர்
1996 ஏப்ரல் 22

டேய் வெண்டெல்,

தீர்ப்பாகிவிட்டது என்று கரீன் சொன்னாள். இப்போது என்னோடு பேசுகிறாள். நானே சியாட்டிலுக்குப் போய் இரண்டு நாள் அவளோடு இருந்துவிட்டு வந்தேன், கரடி என்ற வார்த்தையை வாயில் எடுக்காமல். பெரிய தவம் அது.

மாப்பிள்ளை மரியாதை இதோடு முடிந்தது. ஒன்பது வருஷம் "வாங்க, போங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. இனிமேல் நீ, வா, போ தான். நீ பாட்டுக்கு மாமா என்றே கூப்பிடு. அதை எந்த ஜட்ஜும் ரத்து செய்யவில்லை.

கஸ்ஸுக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேட்டைச் சீட்டையும் திருப்பி அனுப்பிவிட்டேன். துப்பாக்கி என் அலமாரியிலேயே கிடக்கட்டும். வெளியூர்க்காரன் கிரிஸ்லியைச் சுடுவதற்குத்தானே சொந்தம் வேண்டும்? ஊர்க்காரன் நீ சுடும்போது பக்கத்தில் குந்தியிருக்க என்ன வேண்டும் என்று வனத்துறை ஆபீசுக்கே போன் போட்டுக் கேட்டேன். "ஒண்ணும் வேண்டாங்க, சும்மா உட்காரலாம்" என்றாள் அங்கிருந்த பெண். "அவர் உங்க சொந்தக்காரரா?" என்றும் கேட்டாள். "போன வாரம் வரைக்கும்" என்றேன்.

ஹாரல்டிடமும் நானே சொல்லிவிட்டேன். "துப்பாக்கி இல்லாம கரடி வேட்டைக்குப் போற மொத ஆளு நீதான்டா" என்றான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மே பதினொன்று சாயங்காலம் ஃபேர்பேங்க்ஸில் வந்து இறங்குகிறேன். உன் அத்தை டோரிஸ் உனக்கு சாசேஜ் கட்டிக்கொண்டிருக்கிறாள், பாதி பெட்டி அதுதான். நீ வந்து கூட்டிப்போகாவிட்டால் லாரியில் ஏறியாவது வந்து சேருவேன். கரடி கிடைத்தால் நீ சுடு. கிடைக்காவிட்டால் உட்கார்ந்து அந்த சாசேஜைத் தின்போம்.

ஒன்று சொல்ல வேண்டும். முழங்கால் சௌக்கியம் என்று ஜனவரியில் எழுதியது பொய். படியிறங்கினாலே உயிர் போகிறது. அதனால் என் முன்னால் மெதுவாக நட.

மாமா